வெதுவெதுப்பு மண்டபம்

கரூரில் யாரிடமும் ஒரு பொருளைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது. கேட்டால் "நல்லாருக்குதுங்க" என்பார்கள். உப்பில்லாத ரசமானாலும் சரி, கோணலாக ஓடும் பஸ்ஸானாலும் சரி, கேட்டவர் முகம் வாடக் கூடாது என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். உண்மையான அபிப்பிராயம் வீட்டுக்குப் போய், கை கால் கழுவிய பிறகு, பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லப்படும். சென்னையிலிருந்து வந்த அகிலேஷுக்கு இந்தச் சங்கதி தெரியாது. வெதுவெதுப்பு மண்டபம் கட்டப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

2041 கோடையில் ஒன்பதுநாள் காய்ச்சல் வந்தது. ஊருக்கு வெளியே துண்டு, துவாலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் குடோனை முகாமாக்கி, வரிசையாகக் கட்டில் போட்டு, காய்ச்சல் கண்டவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். உறவுக்காரர் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. மருந்தையும் தண்ணீரையும் தானாக ஓடும் சின்ன வண்டிகள் கொண்டுபோய்க் கொடுத்தன. மூடிய உடுப்போடு நர்சுகள் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. அதற்கு முன்பே ஊர் மொத்தத்துக்கும் நெற்றியில் ஒரு சிறு வில்லையை ஒட்டிவிட்டிருந்தது அரசாங்கம். உடம்புச் சூட்டை நிமிடத்துக்கு ஒரு தரம் அளந்து அனுப்பும் வில்லை அது. ஜாதி மதம் பார்க்காமல் எல்லோர் நெற்றியிலும் ஏறியதால் ஜனங்கள் அதற்குச் சர்க்கார் பொட்டு என்று பேர் வைத்தார்கள்.

காய்ச்சல் கண்டவர் முதல் நாலைந்து நாள் எழுந்து நடமாட முடியும். அப்புறம் படுக்கைதான். ஒன்பதாம் நாளுக்குள் சூடு இறங்கினால் பிழைத்தார். பிழைத்தவர்களுக்கும் அந்த ஒன்பது நாள் மட்டும் சிலேட்டைத் துடைத்த மாதிரி நினைவிலிருந்து போயிருக்கும். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால், "தெரியலீங்களே" என்று சங்கடப்படுவார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் அப்படித் திரும்பி வந்தார்கள். தொண்ணூற்றாறு பேர் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து நினைவுச் சின்னம் கட்ட முடிவானபோது அகிலேஷ் ஒரு திட்டத்தோடு வந்தான். முப்பது வயசிருக்கும், நல்ல பிள்ளை. அதே குடோனில், யார் எந்தக் கட்டிலில் கிடந்தார்களோ அந்த இடத்தில் அவரவருக்கு ஒரு கருங்கல் ஆசனம், கட்டில் எண்ணே கல்லின் எண். காய்ச்சல் வருவதற்கு முன் பொட்டு அளந்து வைத்த அவரவர் உடம்புச் சூடு, காலையில் கொஞ்சம் குறைந்து சாயங்காலம் கொஞ்சம் ஏறி, அந்தக் கல்லில் அப்படியே இருந்துகொண்டிருக்கும். "இப்பதான் எழுந்து போனாங்கன்னு தோணும். அவங்க உட்கார்ந்த இடத்தோட சூட்டுல நீங்க உட்காரலாம்" என்றான். எதிரே உட்கார்ந்திருந்த குடும்பங்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லாருக்குதுங்க என்றது ஊர்.

கல்லைச் சூடாக்கும் இயந்திரத்தைச் செய்து பொருத்தும் வேலை சம்பூரணத்துக்கு வந்தது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. பாடி கட்டும் பட்டறைகளில் தயாராகும் பஸ்களுக்கெல்லாம் ஏசி மாட்டித் தருகிறவள். "ஏசியைத் திருப்பிப் போட்டா ஹீட்டருங்க தம்பி, அதொண்ணும் கம்ப சூத்திரமில்லை" என்று அகிலேஷிடம் சொல்லி, ஐந்து மாதத்தில் தொண்ணூற்றாறு கல்லுக்கும் அடியில் இயந்திரம் வைத்து முடித்தாள். நல்லாருக்குதுங்க என்று அவளும்தான் சொல்லியிருந்தாள். அந்தப் பாவத்தில் அவளுக்கும் பங்குண்டு.

திறப்பு விழா சித்திரையில். வெளியே நூற்றெட்டு டிகிரி வெயில். கல்லின் வெதுவெதுப்பு கைக்குத் தெரிய வேண்டுமென்று மண்டபத்துக்குள் குளுகுளுவென்று காற்று விட்டிருந்தார்கள். ஜனங்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள், கையை எடுத்துக்கொண்டார்கள். பிறகு காற்று நன்றாக வந்த சுவரோரம் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரே ஒருவர்கூடக் கல்லில் உட்காரவில்லை.

அகிலேஷ் தவித்துப் போனான். "ஏன் மேடம், யாருக்கும் பிடிக்கலையா?"

"பஸ்ல பாத்ததில்லீங்களா தம்பி? ஒருத்தர் எந்திரிச்ச சீட்டுல நாங்க உடனே உக்கார மாட்டமுங்க. தட்டிப்போட்டு, சித்த நேரம் நின்னு, சூடு ஆறுனப்புறம்தான். அடுத்தவங்க சூட்டுல உக்காந்தா மூலம் வரும்பாங்க."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அத்தனை ஆசையாச் சொன்னீங்க. எப்படிங்க சொல்றது?" என்றாள் சம்பூரணம். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வைகாசி போயிற்று, ஆனியும் பிறந்தது. மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. கலெக்டர் அம்மா ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தார். ஆடிப் பெருக்கு வரை பார்ப்போம், ஆள் வராவிட்டால் கல்லையெல்லாம் எடுத்துவிட்டு வாசலில் ஒரு பெயர்ப் பலகை வைத்துவிடலாம், இவ்வளவு பெரிய ஹாலை வேறு எதற்காவது கொடுக்கலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சம்பூரணத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. நாற்பதாம் கல் அவளுடைய அண்ணன் வையாபுரியுடையது.

அவளுடைய ஏசிப் பட்டறையை ஆரம்பித்ததே வையாபுரிதான். எல்லா வேலையும் தெரிந்தவன், துணி பிழிய மட்டும் தெரியாதவன். ஏசி வலையைத் துடைக்கிற துணியைத் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட அப்படியே தூக்கி வருவான். பட்டறைத் தரை குளமாகும். "கையில சத்தில்லையா, பிழிஞ்சு எடுத்துட்டு வந்தா என்ன?" என்று இருபது வருஷமாக அவள் கத்தினாள். "தண்ணிதான தங்கச்சி, காஞ்சுரும்" என்று இருபது வருஷமாக அவன் சொன்னான். முகாமுக்குக் கூடுதல் ஏசி போட அவளைக் கூப்பிட்டபோது வையாபுரி உள்ளே இருந்தான். மூன்று நாள் அவள் குடோன் கூரைமேல் வேலை செய்தாள். தகரத்துக்குக் கீழே இருபதடி ஆழத்தில் அவன். இறங்கிப் போய் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க அவளுக்கு அனுமதியில்லை. அவன் போன பிறகு ஒரு பெட்டியைக் காட்டினார்கள், அவ்வளவுதான். அவன் கல்லை அவள்தான் பொருத்தினாள். ஆனால் வேலை முடிந்த பிறகு அதை ஒருநாளும் தொட்டதில்லை. அந்த இடமும் போய்விட்டால் அண்ணன் எங்கே படுத்திருந்தான் என்று காட்டக்கூட ஒன்றுமிருக்காது.

ஆனி நடுவில் மண்டபத்தின் மின்சாரக் கணக்கைப் பார்த்தபோது ஒரு கோளாறு கண்ணில் பட்டது. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி மின்சாரம் எடுக்க, நாற்பத்தொன்றாம் கல் மட்டும் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று மடங்கு இழுத்தது. மீட்டர் வரைந்த கோட்டைத் திருப்பிப் பார்த்தால், கல்லின் சூடு திடீரென்று ஒரு பள்ளத்தில் விழுகிறது, இயந்திரம் மூச்சுப் பிடித்து அதை மெல்ல மேலே ஏற்றுகிறது. வாயுக் கசிவாக இருக்கும் என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் போனாள்.

கசிவு ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற கண்டக்டர் மாரப்பன் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கல்லின்மேல் ஈரத் துண்டு. பக்கத்தில் ஒரு தூக்குப்போசியில் தண்ணீர்.

"என்ன பண்றீங்கண்ணா?"

"துணி போடறனுங்க அம்மிணி."

"எதுக்குங்க?"

"சுடுதில்லீங்க?" என்றார் மாரப்பன். இதுகூடத் தெரியாதா என்ற பார்வை. அவர் மனைவி பாவாயியின் கல் அது.

சம்பூரணம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். இது காய்ச்சல் சூடு இல்லை, நன்றாக இருந்த காலத்துச் சூடு என்றாள். மாரப்பன் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

"நல்லாருந்தப்ப எத்தனை சூடு இருந்தாளோ, யாருங்க தொட்டுப் பாத்தா. நாப்பது வருசம் ஒரே ஊட்டுல இருந்தோம். வண்டியில ஏத்தறப்பதான் கையப் புடிச்சனுங்க. சுட்டுச்சு. அந்தச் சூடுதான் இன்னும் கையில நிக்குது. நெத்தியில ஒரு ஈரத்துணி போட்டுடறன், அப்புறம் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சுனன். நேரமில்லைன்னுட்டாங்க." துண்டைத் திருப்பிப் போட்டார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க. நீங்கதான இதை மாட்டுனது? எத்தனை நேரம் போட்டாலும் எறங்க மாட்டீங்குதே. எறங்கற மாதிரி எறங்கி மறுபடி ஏறிக்குது. தெனமும் தோத்துப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போறன்."

சம்பூரணம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். அந்த மனிதர் தினமும் சாயங்காலம் மல்லுக்கட்டியது அவள் செய்த இயந்திரத்தோடு. அவர் ஒரு டிகிரி குறைக்க, அது ஒரு டிகிரி ஏற்றியிருக்கிறது. அவள் அதைத் திறமை என்று நினைத்திருந்தாள்.

மறுநாளே அகிலேஷைப் பிடித்தாள். கல்லில் காய்ச்சல் சூட்டையே வைத்துவிடுவோம், யாராவது ஈரத்துணி போட்டால் அது இறங்கட்டும் என்றாள். ஊரில் தொண்ணூற்றாறு வீட்டிலும் ஒரே குறைதான், கடைசியில் நெற்றியில் ஒரு துணி போட முடியவில்லையே என்பது. அதை இந்தக் கல் தீர்க்கட்டும். "இது எனக்குத் தோணியிருக்கணும்" என்றான் அகிலேஷ். கலெக்டர் அம்மா எல்லாக் குடும்பங்களையும் கூட்டினார்.

இந்தத் தடவை சம்பூரணமே பேசினாள். முடித்ததும் வழக்கம்போல நல்லாருக்குதுங்க, நல்லாருக்குதுங்க என்று நாலா பக்கமும் கேட்டது. அதில் எத்தனை நிஜம், எத்தனை மரியாதை என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஜமாலுதீன் எழுந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கொசுவலைக் கடை வைத்திருக்கிறவர், அதிர்ந்து பேசாதவர்.

"எனக்கு இது நல்லாயில்லீங்க" என்றார்.

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அந்த ஊரில் ஒரு பொதுக்கூட்டத்தில் இந்த வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை.

"எம் பையன் இர்ஃபானுக்குக் காய்ச்சல் எறங்கலீங்க. எறங்கியிருந்தா நான் எதுக்கு இங்க வரப்போறன். நான் துணி போட்டு, கல்லு குளுந்து போச்சுன்னா அதுக்குப் பேரு என்னங்க? நாடகந்தான. பத்தொம்பது வயசுப் பையன். அவன் பேர்ல நாடகம் வேண்டாமுங்க."

ஒரு குடும்பம் வேண்டாமென்றாலும் செய்வதற்கில்லை, இது எல்லோருக்குமான இடம் என்றார் கலெக்டர் அம்மா. கூட்டம் கலைந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாய் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கப் பார்த்தாள் சம்பூரணம். ஒன்றும் அகப்படவில்லை. அவர் சொன்னது சரி. இறங்காத காய்ச்சலை இறங்கியதாகக் காட்டினால் அது பொய்தான், எத்தனை அன்பாகச் சொன்னாலும்.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கல்லையெல்லாம் பெயர்த்தெடுப்பதற்குள் அண்ணனுடைய கடைசி நாட்களின் சூட்டுக் கணக்கை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று பட்டது. தங்கை என்ற முறையில் அவளுக்கு அதற்கு உரிமையுண்டு. மறுநாள் மத்தியானம் பட்டறையில், பாதி கட்டிய பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்து, அகிலேஷை ஃபோனில் வைத்துக்கொண்டே திறந்தாள்.

"எல்லார் கணக்கும் ஒரே ஃபைலாத்தான் வந்துச்சு மேடம். காய்ச்சலுக்கு முந்தின பத்து நாளை மட்டும் எடுத்துக்கிட்டோம். மீதியைத் திறந்து பார்க்க எங்களுக்கு மனசு வரலை" என்றான் அவன்.

வையாபுரியின் சூட்டுக் கோடு நூற்று நாலில் நின்றது. ஆனால் நேராக நிற்கவில்லை. கடைசி மூன்று நாளும் மத்தியானத்தில் ஒரு பள்ளம்.

"நடுவுல நடுவுல விழுந்து விழுந்து எந்திரிக்குதே தம்பி?"

"அது பொட்டு கழன்ற நேரம் மேடம். பக்கத்துலயே 'ஒட்டு விட்டது'ன்னு குறிச்சிருக்கு பாருங்க. சாஃப்ட்வேரே அதையெல்லாம் நேராக்கிட்டுத்தான் டாக்டர்களுக்குக் காட்டும்."

"கழண்ட பொட்டு அரை மணி நேரத்துல தானா எப்படிங்க ஒட்டிக்கும்?"

சம்பூரணம் நாற்பத்தொன்றாம் கல்லின் மீட்டர் கோட்டை எடுத்து அண்ணனின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். செங்குத்தாக ஒரு இறக்கம், பிறகு நிதானமாக ஒரு ஏற்றம். இரண்டும் ஒரே பள்ளம். ஒன்று மாரப்பன் கல்லின்மேல் துண்டு போட்டபோது விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததற்கு அவளுக்கு உரிமையில்லை. மற்றவர்களின் கோடுகளையும் திறந்தாள். அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற கூச்சம் இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

நர்சுகள் இல்லாத மத்தியான வேளையில், ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நாற்பத்திரண்டாம் கட்டிலில் இரண்டரை மணிக்கு, நாற்பத்துமூன்றில் இரண்டு முப்பத்தொன்றுக்கு, நாற்பத்துநாலில் இரண்டு முப்பத்திரண்டுக்கு. நிமிடத்துக்கு ஒரு கட்டிலாக வரிசை நெடுகப் போய், மறு வரிசையில் திரும்பி வந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஈரத்துணியோடு நடந்திருக்கிறார். ஐந்து நாள், ஒருநாள் தவறாமல். எல்லாக் கட்டிலிலும் பள்ளம் இருந்தது, நாற்பத்தொன்றைத் தவிர. துணி போடுகிறவர் தனக்குத்தானே போட்டுக்கொள்வாரா?

பாவாயி முகாமுக்கு வந்த மறுநாள் இது தொடங்கியிருந்தது. ஆறாம் நாள் அவள் படுக்கையில் விழுந்திருக்க வேண்டும். சம்பூரணம் பயந்துகொண்டே ஆறாம் நாளைத் திறந்தாள். நின்றுபோகவில்லை. நாற்பத்தொன்றாம் கட்டிலிலேயே முதல் பள்ளம் விழுந்திருந்தது. இப்போது பள்ளமில்லாத கட்டில் நாற்பது.

பாவாயி போட்ட துணியின் பள்ளங்கள் அழகாக, அளவாக இருந்தவை, நன்றாகப் பிழிந்து போட்ட துணி. ஆறாம் நாளிலிருந்து விழுந்த பள்ளங்களோ கிணறு மாதிரி ஆழம், ஏறுவதற்கும் இரண்டு மடங்கு நேரம். சொட்டச் சொட்ட, பிழியாமல், அப்படியே தூக்கிப் போட்ட துணி. சம்பூரணம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. முகாமெல்லாம் குளமாக்கியிருப்பான் மகராசன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு ஜமாலுதீனையும் வரச் சொல்லியிருந்தாள். மாரப்பன் வழக்கம்போலத் துண்டோடு இருந்தார். உங்கள் வீட்டுக் கணக்கையெல்லாம் கேட்காமல் பார்த்துவிட்டேன், தப்புதான், திட்டுவதானால் திட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, கோடுகளைக் காட்டி ஆதியோடந்தமாகச் சொன்னாள்.

மாரப்பன் நாற்பத்தொன்றாம் கல்லைப் பார்த்தார். "துண்டுக் கம்பெனியில பிசிறு வெட்டற வேலைங்க அவளுக்கு" என்றார். "மூலையில ஒரு துண்டுக் கட்டு கெடந்திருக்கும். அதை எப்படிப் பிரிக்கறதுன்னு அவளுக்குத் தெரியும். சும்மா இருக்க மாட்டாளுங்க. கண்ணாலத்துக்குப் போனாக்கூடப் பந்தியில உக்கார மாட்டா, எலை எடுக்கப் போயிருவா." துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "நான் ஒரு துணி போட ஆளில்லாமப் போச்சேன்னுல்ல இருந்தன்."

"ஆள் இருந்துச்சுங்கண்ணா. எங்கண்ணன் போட்டிருக்கறான். மூணு நாளும் முதல் துணி அவங்களுக்குத்தான்."

ஜமாலுதீன் கேட்டார்: "உங்கண்ணன் படுத்தப்புறம்?"

"அதுக்கப்புறம் பள்ளமில்லாத கட்டில் நாப்பத்தேழுங்க பாய்."

நாற்பத்தேழு யாருடையது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இர்ஃபானா?" என்றார். "ஊட்டுல குடிச்ச டம்ளரை எடுத்து வெக்க மாட்டானுங்க. அவங்கம்மா சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போனா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொசுவலைக்கு நூல் எண்ணிக்கை பார்க்கிறவரின் அதே கவனத்தோடு கோட்டைக் குனிந்து பார்த்தார். "இவனுக்கு யாரோ போட்டிருக்காங்க. எறங்குச்சுங்களா?"

"அரை மணி நேரம் எறங்குச்சுங்க. மறுபடி ஏறியிருச்சு. மறுநாள் மறுபடி போட்டிருக்காங்க."

அவர் அந்தப் பள்ளத்தின்மேல் விரலை வைத்து, விழுந்த இடத்திலிருந்து ஏறிய இடம் வரை மெல்ல ஓட்டினார். "அப்ப கல்லும் இவ்வளவுதான் எறங்கோணும். இதே அரை மணி நேரம். ஒரு நிமிசம் கூடக் கூடாதுங்க, ஒரு நிமிசம் குறையவும் கூடாது. அப்படீன்னா அது பொய்யில்லைங்க" என்றார்.

மாரப்பனைப் பார்த்தாள் சம்பூரணம். தோற்றுத்தானே போகிறீர்கள் மறுபடியும் என்று கேட்க வாய் வரவில்லை. அவர் புரிந்துகொண்டார். "அரை மணி நேரம் போதுமுங்க. மிச்சத்தை நாளைக்கு வந்து பாத்துக்கலாம்" என்றார்.

கலெக்டர் அம்மாவும் சம்மதிக்க, ஒரு மாதம் இரவு பகலாகக் கல்லுக்குக் காய்ச்சல் ஏற்றும் வேலை நடந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் அவரவர் காய்ச்சல், அவரவர் பள்ளம். முகாம் மூடப்பட்ட நாள் வரை, துணி கைமாறிய அந்தச் சங்கிலி அறவில்லை என்று அகிலேஷ் கண்டுபிடித்தான். ஆனால் இர்ஃபானுக்குப் பிறகு பள்ளமில்லாத கட்டில்களெல்லாம் பிழைத்துப் போனவர்களுடையவை, அவர்கள் கோடுகள் பெயரில்லாமல் எண்ணாக மட்டும் இருந்தன. இர்ஃபானின் நெற்றியில் துணி போட்டவர் ஊரில் எங்கேயோ இருக்கிறார். தேங்காய் விற்கிறாரோ, பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறாரோ. அவருக்கே அது தெரியாது.

இந்த ஒரு சேதிதான் ஊரைக் கிளப்பியது. ஆடிப் பெருக்கன்று அமராவதி ஆற்றுக்குப் போன கூட்டத்தில் பாதி அங்கிருந்தே ஈரத் துணியோடு மண்டபத்துக்கு வந்துவிட்டது. தொண்ணூற்றாறு குடும்பம் மட்டுமல்ல, பிழைத்துத் திரும்பிய ஆயிரத்துச் சொச்சம் பேரில் நடக்க முடிந்தவர்களெல்லாம் வந்தார்கள். எந்தக் கல் என்று அவர்களுக்குத் தெரியாததால் எல்லாக் கல்லுக்கும் போட்டார்கள். போட்டுவிட்டு, இந்தக் கைதான் அந்தக் கையோ என்பது போல உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஜமாலுதீன் நாற்பத்தேழாம் கல்லருகில் நின்று, வந்தவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இர்ஃபானுக்குத் துணி போட்டவர் அவர்களில் ஒருவர்தானே.

கலெக்டர் அம்மா வாசலில் நின்று பார்த்தார். பெயர்ப் பலகைப் பேச்சை எடுக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று மாரப்பனைக் கேட்டார்.

"பரவாயில்லீங்க" என்றார் மாரப்பன். அவர் பாவாயியின் கல்லுக்குப் போட்டு முடித்துவிட்டு நாற்பத்திரண்டாம் கல்லுக்கு நகர்ந்துகொண்டிருந்தார். நிமிடத்துக்கு ஒரு கல்லாக வரிசை நெடுகப் போவதாகத் திட்டம்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த பிறகு சம்பூரணம் நாற்பதாம் கல்லுக்குப் போனாள். உள்ளங்கையை வைத்தாள். நூற்று நாலு. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். மூன்று நாள் கூரைமேல் நின்றவளுக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவில் இப்போது தகரம் இல்லை.

வாளியில் துணியை முக்கி எடுத்தாள். பழக்க தோஷத்தில் கை முறுக்கப் போயிற்று. நிறுத்திக்கொண்டாள். சொட்டச் சொட்ட அப்படியே தூக்கிக் கல்லின்மேல் போட்டாள். தண்ணீர் நாலாபுறமும் வழிந்து தரையெல்லாம் ஓடியது. பக்கத்தில் நின்ற ஒருவர் காலைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"தண்ணிதானுங்க" என்றாள் சம்பூரணம். "காஞ்சுரும்."